பழைய கார்புரேட்டர்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது கார்புரேட்டர். 1890களிலிருந்து 1920கள் வரை வந்த கார்களின் கார்புரேட்டரில் கைவைக்கும் முன் ஒரு விஷயம் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அதில் இருக்கிற ஒவ்வொரு பாகமும் ஏதோ ஒரு தொல்லையைத் தீர்ப்பதற்காகப் பிறந்தது. யாரும் உட்கார்ந்து யோசித்து முழு கார்புரேட்டரையும் ஒரே நாளில் வரைந்துவிடவில்லை. எஞ்சின் ஒரு மாதிரி முரண்டு பிடித்தது, அதற்கு ஒரு பாகம் வந்தது. அடுத்து வேறு மாதிரி முரண்டு பிடித்தது, அதற்கு இன்னொன்று. அதனால் இன்று அதே முரண்டைப் பார்த்தால், "இந்தத் தொல்லைக்காக வந்த பாகம் எது?" என்று கேளுங்கள். முதலில் தேட வேண்டிய இடம் அதுதான்.

முழுவதையும் பிரித்து, எல்லாத் துளையிலும் காற்றடித்து, திரும்ப மாட்டிப் பார்க்கலாம் என்று இறங்காதீர்கள். நூறு வருஷப் பித்தளைத் திருகும் வார்ப்பும் அதைத் தாங்காது.

தொடங்கும் முன்

முதலில் கரண்ட். பிளக்கைக் கழற்றிப் பொறி வருகிறதா, ஒரே சீராக வருகிறதா என்று பாருங்கள். கார்புரேட்டர் மேல் பழி விழும் கோளாறுகளில் பல, காயிலிலோ பிளக்கிலோதான் இருக்கும். பிளக்கின் நுனி நிறத்தையும் அப்போதே பார்த்துவிடலாம். கரிபிடித்துக் கறுப்பாக இருந்தால் கலவை ரிச், அதாவது பெட்ரோல் அதிகம். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் லீன், காற்று அதிகம். பிஸ்கட் நிறம் சரியானது.

எண்ணிக்கையில் சொன்னால், எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 15 பங்கு காற்று இருந்தால் முழுசாக எரியும். நல்ல இழுவை வேண்டுமென்றால் 12, 13 பங்கு. இரண்டு பக்கமும் கொஞ்ச தூரம் தாண்டினால் பற்றவே பற்றாது. கீழே வரும் அத்தனை கதையும் இந்தக் குறுகிய எல்லைக்குள் கலவையை நிறுத்துவதற்காக நடந்த போராட்டம்தான்.

வண்டி நிற்கும்போது கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டுகிறது

ஃப்ளோட், அதாவது பெட்ரோலில் மிதக்கும் மிதவை. வேறு எதையும் தொடாதீர்கள்.

ஃப்ளோட் வருவதற்கு முன் எப்படி இருந்தது? கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் இருந்தது மேற்பரப்பு கார்புரேட்டர். ஒரு பாத்திரத்தில் பெட்ரோல், அதன் மேல் காற்று உரசிக்கொண்டு போகும். போகிற போக்கில் ஆவியைச் சேர்த்துக்கொள்ளும். தொல்லை என்னவென்றால், பெட்ரோலில் லேசான பகுதி முதலில் ஆவியாகிவிடும். போகப் போகக் கனமான பகுதிதான் மிஞ்சும், கலவை தானாக மாறும். ரோட்டில் குலுங்கினால் ஒரு அளவு, நின்றால் இன்னொரு அளவு. குளிர் நாளில் வேறு அளவு.

1893இல் வில்ஹெல்ம் மைபாக் ஜெர்மனியின் கான்ஷ்டாட்டில் இதை மாற்றினார். பெட்ரோல் ஆவியாகும் வரை காத்திருக்காமல், ஜெட் என்ற சின்னத் துளை வழியாக அதைக் காற்றோட்டத்தில் தெளித்தார். எஞ்சின் இழுக்கும் காற்றே பெட்ரோலையும் இழுத்துத் தூளாக்கும். அதற்கு ஜெட்டின் வாய்க்கு ஒருசில மில்லிமீட்டர் கீழே பெட்ரோல் மட்டம் எப்போதும் நிற்க வேண்டும். அந்த மட்டத்தைக் காப்பதற்குத்தான் ஃப்ளோட்டும் ஊசி வால்வும்: மட்டம் ஏறினால் ஃப்ளோட் எழும்பி வால்வை மூடும். அதே 1893இல் ஹங்கேரியில் பாங்கி டொனாட்டும் சோங்கா யானோஷும் இதே வழியில் காப்புரிமை வாங்கினார்கள். அவர்கள் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

ஆகவே சொட்டினால் மட்டம் ஜெட்டின் வாயைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். காரணம் மூன்றில் ஒன்று.

ஊசி வால்வு உட்காரும் இடத்தில் ஒரு துளி மண். ஃப்ளோட் சேம்பரின் பக்கவாட்டில் மரக்கட்டையால் லேசாகத் தட்டுங்கள். சொட்டு நின்றால் இதுதான். கழற்றிக் கழுவினால் போதும்.

ஊசியின் நுனி தேய்ந்து வளையம் விழுந்திருப்பது அடுத்தது. நகத்தால் தடவினாலே பள்ளம் தெரியும். ஊசியையும் அது உட்காரும் இடத்தையும் சேர்த்து மாற்றுங்கள்.

மூன்றாவது ஃப்ளோட்டே கனத்துப்போவது. பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே பெட்ரோல் அலம்பினால் ஓட்டை இருக்கிறது. எங்கே என்று தெரிய, கை பொறுக்காத சூட்டில் தண்ணீர் எடுத்து அதில் அமுக்குங்கள். உள்ளே உள்ள ஆவி விரிந்து, ஓட்டை வழியாகக் குமிழ் குமிழாகச் சரம் மாதிரி மேலே வரும்; அந்த இடத்தில் ஊசியால் கீறிக் குறி வையுங்கள். பெட்ரோல் முழுக்க வெளியேறி, குமிழ் அறவே நின்று, ஒரு நாள் காற்றாட வைத்த பிறகுதான் ஓட்டையை ஈயத்தால் பற்றவைத்து அடைக்க வேண்டும். உள்ளே ஆவி இருக்கும்போது சூடான இரும்பைக் கொண்டுபோனால் வெடிக்கும். பற்றவைக்கும் முன் எடை பார்த்து எழுதி வையுங்கள், பின்னும் பாருங்கள். ஈயம் கூடினால் ஃப்ளோட் தாழும், மட்டம் ஏறும், சொட்டு திரும்ப வரும்.

ஃபோர்டு மாடல் டி மாதிரி வண்டிகளின் ஹோலி, கிங்ஸ்டன் கார்புரேட்டர்களில் இருந்தது கார்க் ஃப்ளோட். பெட்ரோல் ஊறாமல் இருக்க அதன் மேல் அரக்குப் பூச்சு. அரக்கு ஆல்கஹாலில் கரையும். இன்று நம் பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தப் பூச்சு சில வாரத்தில் பிசுபிசுத்துப்போகும், கார்க் ஊறும், கரைந்த அரக்கு ஊசி வால்வில் போய் ஒட்டும். திரும்பத் திரும்ப அரக்கு பூசிப் பயனில்லை. எத்தனாலுக்குத் தாங்கும் பூச்சு போடுங்கள், இல்லையென்றால் பித்தளை ஃப்ளோட்டுக்கு மாறுங்கள்.

இன்னொரு விஷயம். 1900களின் தொடக்கத்தில் விற்ற பெட்ரோல் மிக லேசானது, ஒப்படர்த்தி 0.680 அளவில் இருந்தது. இன்றையது அதைவிடக் கனம். கனமான பெட்ரோலில் ஃப்ளோட் உயரமாக மிதக்கும், வால்வைச் சீக்கிரம் மூடும், மட்டம் கொஞ்சம் தாழும். பழைய புத்தகத்தில் போட்ட ஃப்ளோட் அளவை அப்படியே வைக்காமல், இன்றைய பெட்ரோலை ஊற்றி ஜெட் வாயில் மட்டம் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்த்து வையுங்கள்.

பெட்ரோல் டேங்கில் இருக்கிறது, கார்புரேட்டருக்கு வரவில்லை

அடைப்பு. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் பிள்ளைகளுடன் ஓட்டிப்போனபோது எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் குத்தியிருந்த ஊசியால் அதைக் குத்தித் திறந்தார் என்பது கார் வரலாறு படித்த எல்லாருக்கும் தெரியும். குழாய்க்கு அது சரி. ஜெட்டுக்கு அதைச் செய்யாதீர்கள். ஜெட்டின் துளைதான் அளவுகோல். கம்பி விட்டுக் கிளறினால் கண்ணுக்குத் தெரியாத அளவு பெரிதாகி, பிறகு எப்போதும் கலவை ரிச்சாகவே இருக்கும். வாயால் ஊதுங்கள், காற்றடியுங்கள், கரைப்பானில் ஊறவையுங்கள்.

(பர்மிங்காமில் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் தம் கார்களுக்குத் திரி கார்புரேட்டர் வைத்திருந்தார். திரி பெட்ரோலை உறிஞ்சி ஏற்ற, காற்று அதன் ஊடே போகும். ஜெட் இல்லாததால் அடைக்க எதுவும் இல்லை, திரியே வடிகட்டி. மேற்பரப்பு முறை பழசாகிவிட்டது என்று மற்றவர்கள் விட்டுவிட்ட பிறகும் அவர் அதை விடாமல் வைத்திருந்ததில் அர்த்தம் இருக்கிறது.)

மெதுவாகப் போகும்போது நன்றாக இருக்கிறது, வேகமெடுத்தால் கறுப்புப் புகை

கார்புரேட்டர் வரலாற்றின் நடு முடிச்சு இதுதான். எந்தப் பழைய காரிலும் நீங்கள் அதிக நேரம் செலவழிக்கப்போவதும் இங்கேதான்.

மைபாக்கின் ஜெட் வந்தபோது இந்தத் தொல்லை வெளியே தெரியவில்லை. அன்றைய டைம்லர் எஞ்சின்கள் ஏறக்குறைய ஒரே சுற்றில்தான் ஓடின. நிமிடத்துக்கு 700, 800 சுற்று. அதைத் தாண்டினால் கவர்னர் என்ற வேகக் கட்டுப்பாட்டுப் பாகம் எக்ஸாஸ்ட் வால்வைத் திறக்கவிடாமல் தடுத்து எஞ்சினை அடக்கும். ஒரே வேகத்துக்கு ஜெட் அளவு வைத்தால் போதும். பிறகு டி டியோன் புத்தோன் போன்றவர்கள் 1,500 சுற்றையும் தாண்டி ஓடும் சின்ன எஞ்சின்களைக் கொண்டுவந்தார்கள். ஓட்டுபவர்களும் காலுக்குக் கீழே வேகம் கூடிக் குறைய வேண்டும் என்று கேட்டார்கள். அப்போதுதான் குட்டு உடைந்தது. தனி ஜெட் ஒன்று மட்டும் இருந்தால், எஞ்சின் சுற்று ஏற ஏறக் கலவை ரிச்சாகிக்கொண்டே போகும்.

ஏன் அப்படி? கார்புரேட்டரின் குறுகிய தொண்டை வழியாகக் காற்று வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறையும். 1797இல் வென்சுரி எழுதி வைத்த விளைவு இது. அந்தக் குறைந்த அழுத்தம்தான் பெட்ரோலை இழுக்கிறது. ஆனால் இழுப்பு கூடும்போது காற்றும் பெட்ரோலும் ஒரே விகிதத்தில் கூடுவதில்லை. காற்று விரிந்து இலேசாகிவிடும், ஆகவே எடைக்கணக்கில் எதிர்பார்த்த அளவு வராது. பெட்ரோல் விரியாது, முழு எடையோடு வரும். அதோடு, மெதுவாக ஓடும்போது ஜெட் வாயில் உள்ள மட்ட வித்தியாசத்தையும் பரப்பு இழுவிசையையும் தாண்டவே இழுப்பில் ஒரு பங்கு செலவாகும். வேகத்தில் அது பொருட்டே இல்லை. மெதுவான ஓட்டத்துக்குச் சரியான ஜெட் போட்டால் வேகத்தில் புகை. வேகத்துக்குச் சரியான ஜெட் போட்டால் மெதுவான ஓட்டத்தில் பட்டினி.

இதற்கு வந்த விடைகள் மூன்று. உங்கள் காரில் எது இருக்கிறதோ அதற்கு ஏற்ப இறங்குங்கள்.

முதல் விடை: வேகத்தில் கூடுதல் காற்று. 1902இல் பனார் லெவசோர் கம்பெனியின் ஆர்தர் கிரெப்ஸ் கொண்டுவந்தது. இவர்தான் 1884இல் லா ஃபிரான்ஸ் என்ற வான்கப்பலை ஷார்ல் ரெனாரோடு சேர்ந்து ஓட்டியவர். அவருடைய கார்புரேட்டரில் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வும் ஸ்பிரிங்கும் சேர்ந்து ஒரு காற்று வாயிலைக் காத்து நிற்கும். எஞ்சினின் இழுப்பு கூடினால் டயாஃப்ரம் இழுபட்டு வாயில் திறக்கும், கூடுதல் காற்று உள்ளே போய் ரிச்சைக் குறைக்கும். ஓட்டுபவர் எதையும் தொட வேண்டாம். இந்த வகையில் புகை வந்தால், வாயில் திறக்கவில்லை என்று பொருள். டயாஃப்ரம் கிழிந்திருக்கும், அல்லது வாயில் அழுக்கில் ஒட்டியிருக்கும், அல்லது யாரோ வலுவான ஸ்பிரிங் போட்டிருப்பார்கள். மூன்றாவதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. கடையில் கிடைத்த ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டு ஜெட்டை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: ஸ்பிரிங் தளர்ந்தால் வாயில் சீக்கிரம் திறந்து, நடுவேகத்தில் லீன் ஆகி எஞ்சின் தும்மும்.

இரண்டாவது விடை எனக்கு மிகவும் பிடித்தது. 1906 வாக்கில் பிரான்சின் லியோனில் ஃபிரான்சுவா பவெரே கண்டுபிடித்தது, ஸெனித் கார்புரேட்டர். அசையும் பாகம் எதுவும் இல்லை. ஒன்றுக்கு இரண்டு ஜெட். மெயின் ஜெட் வழக்கம்போல எஞ்சின் இழுப்புக்குக் கட்டுப்பட்டது, வேகத்தில் ரிச்சாகும். இரண்டாவதான ஈடுகட்டும் ஜெட் நேராகத் தொண்டைக்குள் திறக்காது. மேலே காற்றுக்குத் திறந்திருக்கும் ஒரு சின்னக் கிணற்றில் பெட்ரோலை விடும். கிணறு வெளிக்காற்றுக்குத் திறந்திருப்பதால் எஞ்சின் எவ்வளவு இழுத்தாலும் அந்த ஜெட் வழியே வரும் அளவு கூடாது. ஃப்ளோட் சேம்பரின் மட்டம் தள்ளுகிற அளவுதான் வரும், நிமிடத்துக்கு மாறாத ஒரே அளவு. காற்று மட்டும் வேகத்தோடு கூடும். ஆக இந்த ஜெட்டின் கலவை வேகத்தில் லீன் ஆகும். ஒன்று ரிச்சாகிறது, மற்றது லீன் ஆகிறது. இரண்டையும் சேர்த்தால் எல்லா வேகத்திலும் ஏறக்குறைய சமம். ஒரு தவறை எதிர்த்தவறால் சரிக்கட்டியது. இவ்வளவு சுத்தமான தீர்வு அந்தக் காலக் கார் எஞ்சினியரிங்கில் அதிகம் கிடையாது.

அது புரிந்துவிட்டால் கோளாறு தானே பேசும். மெதுவாக ஓடும்போது பட்டினி, வேகத்தில் மட்டும் பரவாயில்லை என்றால் ஈடுகட்டும் ஜெட் அடைத்திருக்கிறது. மெதுவாக நன்றாக இருந்து வேகத்தில் புகைந்தால், கிணற்றின் காற்றுத்துளையைப் பாருங்கள். அது அடைத்தால் கிணறும் எஞ்சின் இழுப்புக்குள் வந்துவிடும். ஈடுகட்டும் ஜெட் இன்னொரு மெயின் ஜெட்டாக மாறி, இரண்டும் சேர்ந்து ரிச்சாக்கும். குளவிக்கூடு, பெயின்ட், பழைய பசை என்று அந்தத் துளையை அடைப்பதற்கு ஆயிரம் வழி உண்டு. அங்கே பார்க்காமல் மெயின் ஜெட்டைச் சின்னதாக்கினால் தற்காலிகமாகப் புகை நிற்கும், ஆனால் இழுவை போய்விடும்.

மூன்றாவது விடை எஸ்.யூ. இங்கிலாந்தில் ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் 1904, 1905 வாக்கில் உருவாக்கினார். 1910இல் அண்ணன் தம்பியாகச் சேர்ந்து கம்பெனி தொடங்கினார்கள். மற்றவர்கள் தொண்டையின் அளவை நிலையாக வைத்து இழுப்பு மாற விட்டார்கள். ஸ்கின்னர் இழுப்பை நிலையாக வைத்துத் தொண்டையின் அளவை மாற விட்டார். எஞ்சின் இழுக்க இழுக்க ஒரு பிஸ்டன் மேலே எழும்பி வழியை அகலமாக்கும். அதோடு இணைந்த கூம்பு ஊசியும் ஜெட்டிலிருந்து எழும்பிப் பெட்ரோலுக்கும் இடம் விடும். முதலில் வந்த எஸ்.யூ.களில் பிஸ்டனைத் தூக்கியது தோலால் செய்த துருத்தி. ஸ்கின்னர் குடும்பம் செருப்புக் கம்பெனிக் குடும்பம். தோலைப் பற்றி அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதில் வேகத்தில் புகை வந்து, எஞ்சினும் மூச்சுத் திணறினால், பிஸ்டன் போதிய அளவு எழவில்லை. தோல் துருத்தி காய்ந்து வெடித்துக் காற்று கசிந்தால் இழுப்பு அங்கே தங்காது, பிஸ்டன் பாதியிலேயே நிற்கும், தொண்டை குறுகியே இருக்கும், ஜெட்டில் இழுப்பு கூடிவிடும். துருத்தியை விளக்குக்கு நேரே விரித்துப் பிடித்து மடிப்புகளைப் பாருங்கள். வெடிப்பு எப்போதும் மடிப்பின் முகட்டில்தான் வரும். பின்னால் வந்த உலோகப் பிஸ்டன் வகை என்றால், எஞ்சினை நிறுத்திவிட்டுப் பிஸ்டனை விரலால் மேலே தூக்கி விடுங்கள். "டக்" என்று கீழே வந்து உட்கார வேண்டும். தயங்கி இறங்கினால் அழுக்கு, அல்லது ஊசி வளைந்து ஜெட்டில் உரசுகிறது. ஜெட்டை நடுப்படுத்துங்கள். சாண்ட்பேப்பர் போடாதீர்கள், அந்தப் பிஸ்டனுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளிதான் அதன் உயிர்.

ஆக்சிலரேட்டரைச் சட்டென்று அழுத்தினால் எஞ்சின் திணறி, கார்புரேட்டர் வழியாகத் தும்முகிறது

எஞ்சினுக்குப் போகும் காற்று வழியை மூடித் திறக்கும் தகடுதான் திராட்டில் (throttle). அது திடீரென்று திறந்தால் காற்று உடனே ஓடிவரும். பெட்ரோல் கனம், அது கிளம்பத் தாமதமாகும். வந்ததிலும் ஒரு பங்கு, எஞ்சினுக்குக் கலவை போகும் குழாயான மேனிஃபோல்டின் சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். அந்தக் கணத்துக்குக் கலவை லீன். லீன் கலவை மெதுவாக எரியும். அடுத்த இன்டேக் வால்வு திறக்கும்போதும் நெருப்பு மிச்சம் இருந்தால் அது பின்னோக்கிப் பாய்ந்து தும்மலாக வெளியே வரும்.

ஸெனித்தில் கிணற்றில் தேங்கியிருக்கும் பெட்ரோல் இந்தக் கணத்துக்குக் கைகொடுக்கும். ஆகவே கிணற்றுக் குழாயில் அழுக்கா என்று பாருங்கள். பின்னால் வந்த கார்புரேட்டர்களில் இதற்கென்றே பம்ப் இருக்கும்; அதன் தோல் வாஷர் காய்ந்தால் பீச்சாது, எண்ணெயில் ஊறவைத்து மாட்டுங்கள். மாடல் டி மாதிரி பம்பும் கிணறும் இல்லாத வண்டியில், ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள கைப்பிடியை மெதுவாக நகர்த்துவதுதான் வழி. அந்தக் காலத்து ஓட்டுநர் கை அப்படித்தான் பழகியிருந்தது.

எப்படி ஓட்டினாலும் தும்மினால், எல்லா வேகத்திலும் லீன். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இங்கேயும் பங்கு உண்டு. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், அதே காற்றுக்கு எரிபொருள் கொஞ்சம் அதிகம் வேண்டும். பழைய அளவு ஜெட் அப்படியே லீன் ஆகிவிடும். சரிசெய்யும் ஊசி உள்ள கார்புரேட்டர் என்றால் கால் திருப்புக்குக் கால் திருப்பாகத் திறந்து பாருங்கள்.

ஐடிலிங் நிலைக்கவில்லை

ஐடிலிங் என்றால் வண்டி நிற்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடுவது. அப்போது திராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும். தொண்டையில் இழுப்பே இருக்காது, மெயின் ஜெட் தூங்கும். இழுப்பு முழுக்கத் திராட்டில் ஓரத்துக்கு அந்தப் பக்கம். அதனால்தான் அந்த ஓரத்தில் தனியாக ஒரு சின்னத் துளை வைத்தார்கள். அது சுத்தமாக இருந்தும் ஐடிலிங் நிலைக்கவில்லையென்றால் திராட்டில் தண்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அங்கே காற்று கசிகிறது. தண்டின் மேல் துளி எண்ணெய் விடும்போது எஞ்சின் ஓட்டம் மாறினால் உறுதி. தண்டு சுழலும் துளைக்குப் புஷ் போட வேண்டும். திருகைத் திருகிச் சரியாகாது.

கொஞ்ச நேரம் நன்றாக ஓடி, பிறகு இழுவை குறைந்து நிற்கிறது. ஐந்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆகிறது

கார்புரேட்டரைத் தொடுங்கள்.

ஜில்லென்று இருந்து வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் உள்ளே பனிக்கட்டி. பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை இழுக்கும். காற்றில் ஈரம் இருந்தால் தொண்டையிலும் திராட்டிலிலும் உறைந்து வழியை அடைக்கும். வெளியே உறையும் குளிர் இல்லாவிட்டாலும் இது நடக்கும், ஈரமான குளிர்காற்று போதும். நின்றதும் எஞ்சின் சூடு ஏறி உருகிவிடும், தடயமும் போய்விடும். இதற்காகத்தான் பழைய கார்புரேட்டர்களைச் சுற்றி வெந்நீர் ஓடும் உறை வைத்தார்கள். மாடல் டியில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை ஒட்டிய சூட்டை உறிஞ்சும் தகரக் குழாய். அந்தக் குழாய் அசிங்கமாக இருக்கிறது என்று கழற்றிப் போட்ட வண்டிகளில்தான் இந்தத் தொல்லை வரும். திரும்ப மாட்டுங்கள்.

தொட முடியாத சூடு என்றால் நேர்மாறு. பெட்ரோல் குழாயில் கொதித்துக் குமிழாகி வழியை மறிக்கிறது. குழாயை எக்ஸாஸ்டிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். நம் ஊர் மே மாத வெயிலில் சூட்டை உறிஞ்சும் அந்தத் தகரக் குழாயைக் கழற்றி வைப்பதில் தப்பில்லை, மழையும் குளிரும் வந்தால் மாட்ட மறக்கக் கூடாது.

மேட்டில் மட்டும் நின்றுவிடுகிறது

பம்ப் இல்லாமல் டேங்கிலிருந்து தானாக இறங்கும் வண்டியில், டேங்கைவிடக் கார்புரேட்டர் உயரமாகிவிட்டால் பெட்ரோல் வராது. மாடல் டியின் டேங்க் பெரும்பாலான வருஷங்களில் முன் சீட்டுக்குக் கீழே இருந்தது. டேங்க் காலியாகும் நேரத்தில் செங்குத்தான மேடு வந்தால், அமெரிக்காவில் வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றுவார்கள். டேங்க் மேலே போய்விடும், ரிவர்ஸ் கியரின் இழுவையும் கூடுதல். டேங்கை நிரப்பி வைத்திருந்தால் பெரும்பாலும் இந்த வேலை வராது.

நிரப்பியும் நின்றால் டேங்க் மூடியைத் திறங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே போனால், மூடியிலுள்ள காற்றுத்துளை அடைத்திருக்கிறது. உள்ளே வெற்றிடம் பெட்ரோலைப் பிடித்து வைத்திருக்கிறது; சமதளத்தில் எப்படியோ சமாளித்தது மேட்டில் தோற்றுவிடுகிறது. மெல்லிய கம்பியால் அந்தத் துளையைக் குத்தி விடுங்கள். ஜெட் மாதிரி இல்லை இது. கொஞ்சம் பெரிதானாலும் குற்றமில்லை.